காலியா, லோடா?

என் வாய் மட்டும் அன்றைக்குச் சும்மா இருந்திருந்தால் எங்கள் வண்டி அங்கே போய் மாட்டியிருக்காது. மெக்கானிக் நாகப்பன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். நான் பெருமை பேசினேன்.

எங்களுக்குத் தண்ணீர் கேன் தொழில். நானும் என் வீட்டுக்காரர் ஞானசேகரனும் குமணன்சாவடியில் இருக்கிறோம். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி. அதன் பின்னால் இரும்புச் சட்டத்தில் கூண்டு, கூண்டுக்கு மேலே தகரம். விடிந்ததும் தண்ணீர் கம்பெனியில் அறுபது கேன் ஏற்றினால் முதல் நடை பாரிவாக்கத்து அடுக்குமாடிக்கு. ஐந்து மாடி, எண்பது வீடு. மதுரை, திருச்சி, நாகர்கோவில் என்று எங்கெங்கிருந்தோ வந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள். நல்ல ஜனங்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று வருஷம் தண்ணீர் போட்டும் என் வீட்டுக்காரர் பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது. 'கேன் அண்ணா' என்பார்கள். மூன்றாம் மாடி நிஷாவின் போனில் எங்கள் நம்பர் 'வாட்டர்' என்ற பெயரில் இருப்பதை நானே பார்த்தேன். என்னைப் பெற்றவர்கள் சுசீலா என்று வைத்தார்கள், அதை யாரிடம் போய்ச் சொல்வது.

அந்த அடுக்குமாடியில் ஒரு சட்டம் உண்டு. காலையில் பள்ளிக்கூட வேன்கள் வரும் என்பதால் சரக்கு வண்டி எதுவும் வாசலில் நிற்கக் கூடாது. தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில்தான் நிறுத்த வேண்டும். அங்கிருந்து வாசல் நூற்றுச் சொச்சம் அடி. மழைநீர் வடிகால் போடுகிறோம் என்று அந்தத் தெருவைத் தோண்டிப் போட்டு, மூடியும் மூடாமலும் விட்டிருக்கிறார்கள். தள்ளுவண்டியை உருட்டிப் பார்த்தோம். இரண்டு தரம் சக்கரம் உடைந்தது. அதனால் தோளில் ஒரு கேன், கையில் ஒரு கேன் என்று இவர் தூக்கிக்கொண்டு நடப்பார். வாசலுக்குள் வந்துவிட்டால் தரை வழவழவென்று இருக்கும். அங்கிருந்து லிப்டில் ஏற்றி வீடு வீடாக வைப்பது என் வேலை.

தை மாசத்தில் ஒரு நாள் வண்டியின் சீட்டுக்கு அடியில் துணி தேடப் போய், ஒரு பெல்ட் கையில் அகப்பட்டது. அகலமாக, உள்ளே கம்பி வைத்துத் தைத்தது. எதற்கென்று தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. பிடித்து உலுக்கிய பிறகுதான் சொன்னார். பூந்தமல்லியில் டாக்டரைப் பார்த்திருக்கிறார், தனியாக, எனக்குத் தெரியாமல். இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் ஒரு வட்டு விலகியிருக்கிறதாம். இனிமேல் கனம் தூக்கினால் கால் மரத்துப்போகும், அப்புறம் கத்தி வைத்தாலும் நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த மனுஷன் அதைக் கேட்டுவிட்டு மறுநாளும் போய் அறுபது கேன் தூக்கியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அடுக்குமாடிக்காரர்களிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தை கேட்டார்.

"சம்பத்து கதை மறந்துட்சா?"

மறக்கவில்லை. சம்பத் என்பவர்தான் எங்களுக்கு முன்னால் அங்கே கேன் போட்டுக்கொண்டிருந்தவர். குடலிறக்கம் என்று ஆபரேஷன் செய்துகொண்டு பத்து நாள் வரவில்லை. பதினோராம் நாள் அவர் திரும்பி வந்தபோது அவருடைய இடத்தில் நாங்கள் இருந்தோம். யாரும் அவரைத் துரத்தவில்லை. தண்ணீர் இல்லாமல் எண்பது வீடு எத்தனை நாள் காத்திருக்கும்? எங்களுக்குச் சோறு வந்தது அப்படித்தான். அந்தச் சோறு எந்த வழியாக வந்ததோ அந்த வழியாகவே போய்விடும் என்று இவருக்குப் பயம். எங்கள் மகள் வர்ஷா ஆவடியில் கல்லூரி இரண்டாம் வருஷம். அவள் தலையில் கை வைத்து, முதுகு விஷயத்தை அந்த அடுக்குமாடியில் ஒருவரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னைச் சத்தியம் பண்ண வைத்தார். அந்தப் பெண் எதற்கென்றே தெரியாமல் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சத்தியம் செய்தேனே தவிர, சும்மா இருக்க என்னால் முடியவில்லை. ஒவ்வொரு நடைக்கும் இவர் முகத்தைப் பார்ப்பேன். கேனைத் தோளில் ஏற்றும் நேரத்தில் கீழ் உதட்டைக் கடிப்பார்.

அப்போதுதான் அந்தக் கீழ்த்தளம் கண்ணில் பட்டது. கார் நிறுத்துகிற இடம். சரிவில் இறங்கினால் நேராக லிப்ட். வண்டி அங்கே வந்துவிட்டால் தோளும் வேண்டாம், நூறு அடியும் வேண்டாம். வண்டியிலிருந்து இறக்கித் தள்ளுவண்டியில் வைத்தால் குழந்தைகூட உருட்டும். சங்கத்துச் செயலாளர் சிவராமன் சாரிடம் போய், உங்கள் தெருவுக்கு இடைஞ்சல் இல்லாமல் வண்டியைக் கீழே கொண்டுவருகிறோம் என்று அவர்களுடைய நன்மைக்காகவே சொல்வது மாதிரி சொன்னேன். அவர் கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க, நின்று கேட்டார். அதிகம் பேசாத மனிதர். சரிவின் முடிவில் குறுக்கே ஒரு சிமென்ட் உத்தரம் போகிறது, கறுப்பும் மஞ்சளும் அடித்தது. அதில் இடிக்காமல் வண்டி வந்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

நான் ஜாக்கெட் தைக்கிற டேப்பை எடுத்துப் போய் வாட்ச்மேன் துலுக்கானத்தை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி உத்தரத்தை அளந்தேன். மறுநாள் காலை, கேன் ஏற்றி நின்ற வண்டியை அளந்தேன். உத்தரத்தைவிட வண்டி நாலு விரல் உயரம்.

கூண்டை வெட்டினால் ஒரு வரிசை கேன் போய்விடும். ஆக, வண்டியையே தாழ்த்துவதுதான் வழி. குமணன்சாவடியில் நாகப்பன் பட்டறைக்குப் போனோம். வண்டிக்கு அடியில் வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்களே, அந்த வேலைதான் நாகப்பனுக்கு. பட்டை சேர்த்துக் கட்டினால் வண்டி உயரும், கனம் தாங்கும். அவரிடம் வருகிறவர்கள் எல்லாரும் தூக்கிக் கொடு என்றுதான் கேட்பார்கள். எங்களுக்கே நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பட்டை சேர்த்துக் கட்டியவர் அவர்தான்.

"எறக்கணுமா?" என்று சிரித்தார் நாகப்பன். "காலேஜ் பசங்கதான் ஸ்டைலுக்கு எறக்கிக்கினு சுத்துவானுங்கோ. அண்ணாத்தைக்கு இந்த வயசுல இன்னா ஸ்டைலு?"

அந்த அதிகப்படிப் பட்டை இவருக்கு ஒரு பெருமை. எவ்வளவு ஏற்றினாலும் எங்கள் வண்டி குனியாது என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தவர். முதுகுக்காகத்தான் வண்டியை இறக்குகிறேன் என்பது எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல இவர் என்னை விடவில்லை, தானும் சொல்லவில்லை. நேரம் மிச்சம் ஆகும் என்று ஒரு பேச்சு வைத்துக்கொண்டோம். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு பொய்யைச் சேர்ந்து தூக்கிக்கொண்டு பட்டறை வரைக்கும் வந்தோம்.

நான் நாலு விரல் கணக்கைச் சொன்னதும் நாகப்பன் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அளந்தது காலியாவா, லோடோடயா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எங்க வண்டி எந்தக் காலத்துல காலியா நின்னுது, நாகப்பா? எப்பவும் லோடுதான்."

சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நாகப்பன் ஏதோ சொல்ல வாய் திறந்தார். பட்டையை எடுத்தால் வண்டி மெத்தென்று ஆகிவிடும், கனத்துக்கு நன்றாகக் குனியும், கனம் போனால் அதே அளவுக்கு எழும் என்று ஆரம்பித்தார். அதெல்லாம் எனக்குத் தெரியும், நீ வேலையைப் பார் என்றேன். எனக்கு எதுவும் தெரியாது. பின்பக்கத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டையைக் கழற்றி, மீதிப் பட்டைகளின் வளைவையும் அடித்துக் குறைத்தார். கழற்றிய பட்டைகளை இவர் எடுத்துக் கூண்டுக்குள் வைத்தார். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமே என்று நாகப்பன் சொன்னதற்கு இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நடை போனது வியாழக்கிழமை. அறுபது கேனோடு வண்டி சரிவில் இறங்கியது. நான் முன்னால் நடந்து, உத்தரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் இடைவெளி. துலுக்கானம் கைதட்டினார். வண்டி லிப்டுக்கு எதிரே போய் நின்றது. அன்றைக்கு இவர் ஒரு கேனைக்கூடத் தோளில் ஏற்றவில்லை. வண்டியும் தாழ்ந்திருந்ததால் கேனைச் சரித்தே தள்ளுவண்டியில் இறக்க முடிந்தது. நான் லிப்டில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் இவர் உதட்டைப் பார்த்தேன். கடிக்கவில்லை. கடைசியில் மெல்ல விசிலடித்துக்கொண்டு நின்றார். ஆறு மாசத்துக்குப் பிறகு அந்த விசிலைக் கேட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கக் காலி கேன்களை வேகவேகமாக ஏற்றினேன்.

காலி கேன்கள். அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சரிவில் ஏறும்போது கூண்டின் முன்பக்கம் நூலிழையில் தப்பியது. பின்பக்கம் போய் உத்தரத்தில் கிரீச்சென்று ஏறிச் சிக்கிக்கொண்டது. இவர் பிரேக் போட்டார். முன்னால் எடுத்தால் தகரம் கிழிந்தது, பின்னால் எடுத்தால் சட்டம் முனகியது. உள்ளே வரும்போது ஆயிரத்து இருநூறு கிலோ தண்ணீர் அழுத்திக்கொண்டிருந்த வண்டி, வெளியே போகும்போது வெறும் பிளாஸ்டிக்கைச் சுமந்துகொண்டு நன்றாக நிமிர்ந்து நின்றது. அந்தத் தண்ணீர் முழுவதும் இப்போது மேலே சமையலறைகளில் இருந்தது.

நேரமோ ஏழே முக்கால். ஆபீசுக்குப் போகிறவர்களின் கார்கள் பின்னால் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஒரு ஹாரன், இரண்டு ஹாரன், அப்புறம் எண்ண முடியவில்லை. அந்தக் கீழ்த்தளத்தில் ஒவ்வொரு சத்தமும் சுவரில் மோதி இரண்டாகக் கேட்டது. ஆட்கள் இறங்கி வந்தார்கள். டயரில் காற்றை இறக்கு என்று ஒரு பையன் சொன்னான். ஏற்றத்தில் காற்றில்லாமல் ஏற்றினால் டயர் நார்நாராகிவிடும் என்று இவர் தலையாட்டினார். இறங்கி நின்ற மனுஷனின் சட்டை முதுகில் வேர்வையில் ஒட்டியிருந்தது.

சிவராமன் சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கழுத்து அட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, இஸ்திரி போட்ட பேண்ட்டோடு சரிவில் முட்டி போட்டார். வண்டிக்கு அடியில் தலையைக் குனிந்து பார்த்தார். கையை விட்டு எதையோ தடவினார்.

"பட்டை ஒண்ணு எடுத்திருக்கீங்களா?" என்றார்.

அந்த அடுக்குமாடியில் ஒருவர் வாயிலிருந்து 'பட்டை' என்ற சொல் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார், தன் ஊர் நாமக்கல், அப்பா லாரி ஓட்டியவர், பள்ளிக்கூட லீவில் தான்தான் கிளீனர் என்று. பிறகு எழுந்து என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"சேர்க்கத்தானுங்க செய்வாங்க. நீங்க எதுக்குங்க எடுத்தீங்க?"

இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வர்ஷாவின் தலை இருந்தது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சும்மாதான் சார். ஸ்டைலுக்கு."

சிலர் சிரித்தார்கள். ஐம்பத்திரண்டு வயது, நரைத்த மீசை, நனைந்த சட்டை. அந்த ஆள் ஸ்டைலுக்கு என்று சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். பின்னாலிருந்து ஒருவர், இவருடைய ஸ்டைலுக்கு நாங்கள் எல்லாரும் லீவு போட வேண்டுமா என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை. ஆனால் இவர் அதையும் வாங்கிக்கொண்டு, மன்னிச்சிக்கோங்க என்று அந்த ஆளைப் பார்த்துக் கையைக் கூப்பினார். அதுவரைக்கும் பொறுத்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"ஸ்டைலும் இல்ல ஒண்ணும் இல்ல சார்," என்றேன். "அவுருக்கு முதுகு போயிட்சி. கனம் தூக்கினா காலு போயிடும்னு டாக்டர் சொல்லி ஆறு மாசம் ஆவுது. தெரிஞ்சா நீங்கோ வேற ஆளு வெச்சிடுவீங்கன்னு வாயத் தொறக்காம தூக்கிக்கினு கீறாரு. வண்டி உள்ள வந்தா தோள்ல தூக்க வேணாமேன்னு நாந்தான் எறக்கச் சொன்னேன். காலியானா ஏறிக்கும்னு தெரியாம அளந்துட்டேன். திட்றதுன்னா என்னைத் திட்டுங்கோ."

ஹாரன் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. இவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சத்தியத்தை உடைத்துவிட்டேன், பிழைப்பையும் உடைத்துவிட்டேன், இரண்டும் ஒரே மூச்சில்.

சிவராமன் சார் முதுகைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அதற்காக அவரை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். வண்டிக்குப் பாரம் வேண்டும், அவ்வளவுதான் என்றார். காலி கேன்களை எடுத்துக் கீழே போடச் சொன்னார். பிறகு செருப்பைக் கழற்றாமல் பின்பக்கமாகக் கூண்டுக்குள் ஏறி, தகரத்துக்குத் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டு, லீவு போட வேண்டுமா என்று கேட்ட ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவரும் ஏறினார். கொஞ்சம் பருமனான ஆள். வண்டி அவருக்கு நன்றாகவே இறங்கியது. லேப்டாப் பையோடு நிஷா ஏறினாள். காற்றை இறக்கச் சொன்ன பையன், நடைப்பயிற்சி முடித்து வந்த ஒரு மாமா, எந்த வீடென்று எனக்கே தெரியாத ஒரு புருஷன் பெண்டாட்டி. மொத்தம் பதினாறு பேர். எல்லாரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பதினைந்தாவது ஆள் ஏறியபோது தகரம் உத்தரத்தைவிட்டு டங்கென்று விலகியது. பதினாறாவதாகத் துலுக்கானம், தேவையில்லை என்று சொல்லியும் கேட்காமல் ஏறிக்கொண்டார்.

இவர் வண்டியை எடுத்தார். நான் உத்தரத்துக்கு அடியில் நின்று இடைவெளியில் கையை வைத்தேன். ஒரு விரல். மூன்று வருஷமாக அந்த எண்பது வீட்டுக்கும் தண்ணீர் சுமந்தவர், அன்றைக்கு அந்த வீட்டு ஆட்களையே சுமந்துகொண்டு, ஒருவர் தலையும் இடிபடாமல், நடை வேகத்தில் சரிவை ஏறி வெயிலுக்கு வந்தார்.

மேலே ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவர்கள் இறங்க இறங்க வண்டி ஏறிக்கொண்டே வந்தது. சிவராமன் சார் கடைசியாக இறங்கி, ஜன்னல் பக்கம் போய், உங்கள் பெயர் என்ன என்று கேட்டார். போலீஸ் ஸ்டேஷனில் சொல்வது மாதிரி, முன்னால் பார்த்துக்கொண்டே, ஞானசேகரன் என்றார் இவர். சங்கத்தில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று சிவராமன் சார் போய்விட்டார். பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் சம்பத்திடமும் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

மூன்று நாள் இவர் என்னோடு பேசவில்லை. வேறு தெருக்களுக்குக் கேன் போடப் போனபோது நானே வண்டியிலிருந்து இறக்கினேன், இவர் தடுக்கவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டார். நான் அன்று சாயங்காலமே வர்ஷாவை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப் போய், அவள் தலையைச் சுற்றிக் கற்பூரம் ஏற்றினேன். என்னம்மா பண்ணினே என்று கேட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அது புதிதா என்றாள்.

ராத்திரிகளில் எனக்கு நானே வழக்காடிக்கொண்டேன். சொன்னது தப்பா? தப்புதான், வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்லாமல் இருந்திருந்தால்? இந்த மனுஷன் ஒரு நாள் அந்தத் தோண்டிப் போட்ட தெருவில் இரண்டு கேனோடு விழுந்திருப்பார், அப்போதும் ஸ்டைலுக்கு விழுந்தேன் என்று சொல்லியிருப்பார். வண்டியைத் தாழ்த்தினால் இவரைத் தாழ்த்தாமல் காப்பாற்றிவிடலாம் என்று நான் நினைத்தேன். இரும்புதான் வளைந்து கொடுத்தது. ஆள் வளையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிவராமன் சாரிடமிருந்து போன் வந்தது. இவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். நாலு வீட்டில் சுத்திகரிக்கும் மெஷின் வாங்குகிறார்களாம், அவர்களுக்கு இனி கேன் வேண்டாம். மற்றவர்களுக்கு நாங்களே தொடரலாம். கேன்களைக் கீழ்த்தளத்தில் லிப்ட் பக்கத்தில் இறக்கி வைத்தால் போதும், அவரவர் வந்து எடுத்துக்கொள்வார்கள். முடியாதவர்கள் வீட்டுக்கு மட்டும் நான் தள்ளிக்கொண்டு போய்த் தர வேண்டும். இரண்டே நிபந்தனை சொன்னார். ஞானசேகரன் கேன் தூக்கக் கூடாது. அடுத்த முறை வண்டி ஆட்களை ஏற்றாமல் வெளியே போக வேண்டும்.

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். சந்தோஷமா, அவமானமா என்று சொல்ல முடியாத முகம். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். கை கழுவிவிட்டு வெளியே போய் வண்டியை எடுத்தார். என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ஆனால் நான் உட்காரும் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. ஏறி உட்கார்ந்தேன்.

வண்டி நேராக நாகப்பன் பட்டறைக்குப் போனது. வண்டியை நிறுத்தியதும் இவர் குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டு அந்தப் பெல்ட்டை எடுத்தார். ஆறு மாசமாகச் சட்டைக்கு உள்ளேகூடப் போடாமல் ஒளித்து வைத்திருந்த பெல்ட். அதைச் சட்டைக்கு மேலேயே சுற்றி, மூச்சை இழுத்துப் பிடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, குமணன்சாவடி ஜனம் முழுவதும் போய்வருகிற அந்த ரோட்டில் இறங்கி நின்றார்.

நாகப்பன் பெல்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஸ்டைல் பற்றி இந்தத் தரம் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைச் சுற்றி வந்து, கிழிந்த தகரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இப்பவாவது சரியா சொல்லுங்கோ. அளவு எதுக்கு வெச்சிக்கணும்? காலிக்கா, லோடுக்கா?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது எனக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இவர் வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"காலிக்கே வெச்சிக்கோ, நாகப்பா," என்றார். "இனிமே கம்மியாத்தான் ஏத்துவேன். என்னால தூக்க முடியல."

சொல்லிவிட்டு, பட்டறையில் கிடந்த டேப்பின் ஒரு முனையை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"புடி, சுசீ."